ஷார்ப்புக்கு எதிர்ச்சொல் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கிலச் சொற்பட்டியலில் ‘ஷார்ப்’ என்பதற்குக் ‘கூர்மையான’ என்று ஒரே பொருள் போட்டிருந்தீர்கள். கத்திக்கும் பென்சிலுக்கும் அது போதும். அதைத் தாண்டினால் போதாது. தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குக் கோயில் வேலைக்கும் கடை வேலைக்கும் வருகிறவர்கள் இந்தச் சொல்லில் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குச் சிக்கல் மறுபக்கத்திலிருந்து வருகிறது. அவர்களுக்கு ஆங்கிலம்தான் வீட்டுமொழி. தமிழ் வகுப்பில் ‘கூர்மையான ஆறு மணிக்கு வா’ என்று எழுதிவிட்டு, என்ன தப்பு என்று கேட்பார்கள்.

இந்தச் சொல்லுக்கு முதலில் எதிர்ச்சொல்லைத்தான் கேட்க வேண்டும். ஷார்ப்பாக இல்லாத கத்தி ப்ளன்ட். ஷார்ப்பாக இல்லாத மூளை டல். படம் என்றால் ப்ளரி, சாலை வளைவு என்றால் ஜென்டில், விலையேற்றம் என்றால் கிராஜுவல். எதிர்ச்சொல் மாறுகிற இடத்தில் பொருளும் மாறியிருக்கிறது, தமிழிலும் வேறு சொல் வேண்டியிருக்கிறது. பிள்ளையைச் சூட்டிகை என்போம், காதைப் பாம்புச் செவி என்போம், படத்தைத் துல்லியம் என்போம். ஷார்ப்பான வார்த்தை நமக்குச் சுடுசொல்.

இந்த முறையிலும் ஒரு பொறி உண்டு. கத்திக்கு எதிர்ச்சொல் ப்ளன்ட் என்பதால், ‘ஹி இஸ் ப்ளன்ட்’ என்றால் மந்தமானவர் என்று நினைத்துவிடக் கூடாது. மனிதருக்குச் சொன்னால் ப்ளன்ட் என்பது மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவர். நாக்கு ஷார்ப் என்றால் குத்திப் பேசுபவர். இரண்டுமே கேட்பவருக்கு வலிக்கும், ஆகவே இங்கே இவை எதிரெதிர் அல்ல.

மருத்துவமனையில்தான் இந்தச் சொல்லை மிகக் கவனமாகக் கையாள வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாருக்கு நெஞ்சு வலிக்கிறது, மருமகள் மொழிபெயர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘தாங்க முடியலம்மா’ என்று அவர் சொன்னதை ‘ஷார்ப் பெயின்’ என்று சொல்லிவிடுவது சகஜம். அது தவறு. தாங்க முடியாத வலி ‘சிவியர்’. ஷார்ப் என்பது வலியின் அளவைச் சொல்வதில்லை, வகையைச் சொல்கிறது: சுருக்கென்று, ஊசி ஏற்றினாற்போல் குத்துவது. லேசான வலிகூட ஷார்ப்பாக இருக்கலாம். கடுமையான வலி ஷார்ப்பாக இல்லாமலும் போகலாம். ‘அழுத்துது, பாரமா இருக்கு’ என்றால் ‘ப்ரெஷர்’ அல்லது ‘ஹெவி’ என்று சொல்லுங்கள். குடைச்சலுக்கு ‘டல் ஏக்’, விண்விண்ணென்று தெறித்தால் ‘த்ராபிங்’, எரிந்தால் ‘பர்னிங்’. நெஞ்சில் அழுத்தம் என்பதைக் குத்தல் என்று மாற்றிச் சொன்னால் மருத்துவரின் அடுத்த கேள்வியே திசை மாறிப் போகும். வலியை விவரிக்க நம் மொழியில் சொல்வளம் ஏராளம், பெரியவர் சொன்ன சொல்லையே முதலில் சொல்லிவிட்டு அப்புறம் விளக்குவது பாதுகாப்பு. அங்கேயே மஞ்சள் பெட்டியில் ‘ஷார்ப்ஸ்’ என்று எழுதியிருக்கும். பயன்படுத்திய ஊசியும் பிளேடும் போடும் இடம் அது, பஞ்சும் கையுறையும் அதில் போகக் கூடாது.

சாப்பாட்டில் குழப்பம் வேறு மாதிரி. மிளகாய்க் காரத்துக்கு ஷார்ப் என்று சொல்வதில்லை, ‘ஹாட்’ என்றுதான் சொல்ல வேண்டும். எலுமிச்சை, மாங்காய், முற்றவிட்ட செடார் சீஸ் என்று நாக்கைச் சுண்டுகிற புளிப்புக்குத்தான் ஷார்ப். ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தரும் ‘பன்னி சௌ’ விற்கும் கடையில் ‘நாட் டூ ஷார்ப்’ என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார்.

நேரத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘டென் ஓ கிளாக் ஷார்ப்’ என்று மணிக்குப் பின்னால்தான் இது வரும். நம் கல்யாணப் பத்திரிகைகளில் வரும் ‘ஷார்ப் 10’ நம்மவர் வழக்கம். (பத்திரிகையில் என்ன போட்டாலும் முகூர்த்தத்துக்கு யார் எப்போது வருகிறார்கள் என்பது வேறு கதை.) நேரத்துக்கு ‘-லி’ சேராது, திசைக்கும் ‘டர்ன் ஷார்ப் லெஃப்ட்’ என்று சொல்வார்கள். விலை ஏறினால் ‘ஷார்ப்லி’.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு இன்னொரு உயிர் இருக்கிறது. கட்டைவிரலைத் தூக்கி ‘ஷார்ப்’ என்றால் ‘சரி, ஆகட்டும்’. ‘ஷார்ப் ஷார்ப்’ என்று இரட்டித்தால் நலம் விசாரிப்பாகவோ, அதற்குப் பதிலாகவோ, ‘வர்றேன்’ என்று விடைபெறுவதாகவோ இருக்கலாம். குறுஞ்செய்தியில் ‘ஷாப்’ என்று சுருக்கியும் எழுதுவார்கள். புதிதாக வந்தவர் இங்கேதான் ஏமாறுவார். ‘சிக்ஸ் ஓ கிளாக், ஷார்ப்?’ என்று நடுவில் நிறுத்தி, குரலை உயர்த்தி முடித்தால் ‘ஆறு மணி, சரியா?’ என்று கேட்கிறார்கள். நிறுத்தாமல் அழுத்திச் சொன்னால் ஆறு மணிக்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மேலாளர் ‘சனிக்கிழமை வர முடியுமா?’ என்று கேட்க, நீங்கள் பொதுவாகத் தலையாட்டி ‘ஷார்ப்’ என்றால் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. நண்பர்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், வேலைக்கான நேர்காணலிலும் அலுவலகக் கடிதத்திலும் வேண்டாம்.

வியாபாரக் கடிதத்தில் யாரையும் ‘ஷார்ப் பிசினஸ்மேன்’ என்று புகழ்வதும் ஆபத்து. ‘ஷார்ப் ப்ராக்டிஸ்’ என்றால் சட்டத்தின் விளிம்பில் நின்று செய்யும் தகிடுதத்தம். அந்த வாடை இந்தப் புகழ்ச்சியிலும் ஒட்டிக்கொள்ளும்.

சங்கீதத்தில் நமக்குச் சிரமமே இல்லை. கோயில் பஜனைக்குக் கீபோர்டு வாசிப்பவரிடம் சுருதி ‘ஒன்றரைக் கட்டை’ என்று சொல்லிப் புரியாவிட்டால் ‘சி ஷார்ப்’ என்று சொல்லுங்கள். இரண்டரை ‘டி ஷார்ப்’, நாலரை ‘எஃப் ஷார்ப்’, ஐந்தரை ‘ஜி ஷார்ப்’, ஆறரை ‘ஏ ஷார்ப்’. மூன்றரை என்று ஒன்று கிடையாது, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. பாடுகிறவரைப் பார்த்து ‘யூ ஆர் ஷார்ப்’ என்று சொன்னால் அது பாராட்டு இல்லை, சுருதி ஏறிவிட்டது என்று அர்த்தம். இறங்கினால் ‘ஃப்ளாட்’.

சொற்பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதற்குரிய எதிர்ச்சொல்லையும், சொல் சேர்ந்து வரும் ஒரு தொடரையும் அச்சிட்டால் மாணவர்களுக்கு உதவும். இடம் போதாதென்றால் வாரம் இரண்டு சொல் குறைத்துக்கொள்ளலாம். ‘ஹார்ட்’ (கடினம்) வரும்போது ‘சாஃப்ட்’, ‘ஈஸி’ இரண்டையும் போட மறக்க வேண்டாம்.

இங்ஙனம்,
தமிழ், ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா