அது எந்த விலங்கு என்று மட்டும் எழுதுங்கள்

லண்டன் உணவக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் மெனு அட்டையில் பிரெஞ்சு ஏன் குடியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கிரேவி என்றால் ஒரு விலை, அதையே பிரெஞ்சில் ‘ஜூ’ (jus) என்றால் இன்னொரு விலை. சரி, வியாபாரம், அதில் தலையிட நான் வரவில்லை. கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு உணவின் கீழும் அது எந்த விலங்கின் இறைச்சி என்று எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

போன மாதம் என் அத்தையை உங்களில் ஒருவரின் உணவகத்துக்கு அழைத்துப் போனோம். அத்தை மாட்டிறைச்சியைத் தொடமாட்டார். அட்டையில் ‘ரீ த வோ’ என்று இருந்தது. முதல் சொல்லின் எழுத்துகளை (ris) பார்த்து ஏதோ அரிசிச் சாப்பாடு என்று நினைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பரிமாறும் பையனிடம் கேட்டோம். அவனுக்கும் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து ‘ஸ்வீட்பிரெட்’ என்றான். இனிப்பு ரொட்டியாக்கும் என்று அத்தை நிம்மதியாகச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து என் மகள் தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பி. அத்தை யாரையும் திட்டவில்லை. ஆனால் அதன்பின் பல நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பால், எள், கடுகு என்று 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிச் சட்டம் சொல்லச் சொல்கிறது, நீங்களும் சொல்கிறீர்கள். மாடும் பன்றியும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ‘லார்டோன்’ என்பது பன்றி என்று நாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்களை மட்டும் சொல்லியும் பயனில்லை. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் 1066-இல் கொண்டுவந்த பிரெஞ்சு மோகம் இது. நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று 1362-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! இன்றும் நாடாளுமன்றச் சட்டங்களுக்கு மன்னரின் ஒப்புதலை நார்மன் பிரெஞ்சில்தான் அறிவிக்கிறார்கள். போகட்டும், அதை யாரும் சாப்பிடப் போவதில்லை.

எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ரீ த வோ’ என்றே எழுதுங்கள், சாய்ந்த எழுத்தில் அழகாகவே போடுங்கள். கீழே ‘கன்று’ என்பதையும் ஆங்கிலத்தில் சேர்த்துவிடுங்கள். பரிமாறுகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். விழித்துக்கொண்டு நின்ற அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த முறை மெனு அச்சடிக்கும்போது தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

இப்படிக்கு,
அத்தையை இனி வெளியே சாப்பிட அழைக்கத் தயங்கும் ஒருவன்