குளத்துக்குள் பாய்ந்த வான்: பதிப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் இருந்துகொண்டு வன்னிக்காரரின் எழுத்தை நூலாக்கித் தருகிற பதிப்பகத்தார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கம் முப்பத்திரண்டு வருடம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு ரீச்சர். இதுவரை ஒரேயொரு புத்தகம் போட்டிருக்கிறேன். எங்கள் ஊர்க் குளம், வயல், மாரிமழையோடு செய்கிற காலபோக வேலைகள், நெல் அடிக்கிற களவெட்டிப் பேச்சு, இவைதான் உள்ளே. அதன் 63ஆம் பக்கத்தைத் திறந்தால் "அந்த வருடம் கார்த்திகையிலேயே குளத்துக்குள் வான் பாய்ந்தது" என்றிருக்கும். நான் எழுதிக் கொடுத்தது "குளம் வான் பாய்ந்தது". குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வானால், அதாவது குளக்கட்டில் அதற்கென்று விட்ட வழியால், வழிந்து ஓடுவதை நாங்கள் வேறெப்படியும் சொல்வதில்லை. பக்கம் அமைத்த தம்பிக்கு வான் என்றால் ஆட்கள் ஏறிப்போகிற வான். வசனத்தில் ஏதோ குறைகிறதே என்று நல்லெண்ணத்தோடு ஒரு "க்குள்" சேர்த்துவிட்டார். வெளியீட்டு விழாவில் ஆய்வுரை செய்தவர் அந்தப் பந்தியையே தெரிந்தெடுத்து மேடையில் வாசித்தார். முன்வரிசையில் இருந்த கமக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு மேலே ஒருவர் இருந்து, பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் பிரதியை ஒருமுறை முழுக்க வாசித்திருக்க வேண்டும். ஒருவரும் வாசிக்கவில்லை. காசு கட்டினேன், அச்சாகி வந்தது. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

பதிப்பகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் புத்தகம் போட்ட மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், பெயர்தான் மாறுகிறது, கதை ஒன்றாகவே இருக்கிறது.

இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன், இது வேறு வகை. களவெட்டியில் குவிந்து கிடக்கும் நெல் பொலி. அதைத் தூற்றுவது பெரிய வேலை. என் நூலில் பதினொரு இடத்தில் "போலி தூற்றினார்கள்" என்று வந்திருக்கிறது. கையெழுத்துப் பிரதியைப் பார்த்து பாமினி என்ற கணினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். பாமினியில் ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் ஒரே விசைதான், ஷிப்டை அழுத்தினால் பொலி போலியாகிவிடும். ஒருமுறை நடந்தால் கைப்பிழை. பதினொரு முறை என்றால், அப்படியொரு சொல் இருக்கமுடியாது என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். நாளைக்கு ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை என் நூலை வைத்து "வன்னியில் போலி தூற்றும் வழக்கம்" என்று ஆய்வேடு எழுதினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? இது பகிடி இல்லை. வன்னியைப் பற்றி இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிற கையேட்டை 1895இல் எழுதியவர் லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. எங்கள் ஆட்கள் எங்கள் வாயால் சொல்லி அச்சேறுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையாவது பிழையில்லாமல் ஏற்றவேண்டாமா?

மொட்டைக்கறுப்பன் என்ற நெல்லை "மொட்டைக் கருப்பன்" ஆக்கியதும் இதே வகைதான். நாங்கள் கறுப்பு என்று எழுதுவோம், தமிழ்நாட்டில் கருப்பு என்று எழுதுவார்கள். இரண்டும் சரி. ஆனால் என் வயலில் விளைந்த நெல்லின் பெயரை நீங்கள் பிரித்துத் திருத்தினால், அது பிறகு யாரோ ஒரு மொட்டைத்தலை மாமாவின் பெயர் போல நிற்கிறது.

சொல்விளக்கம் இருந்திருந்தால் இதில் பாதி தப்பியிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, வான், பொலி, சூடு, மோட்டை, முறிப்பு என்று நூற்றுக்கு மேற்பட்ட சொற்களுக்கு விளக்கம் எழுதிக் கடைசியில் வைத்தேன். பக்கம் அமைத்து முடிய 211 பக்கம் வந்ததாம். பதினாறு பக்கம் ஒரு பாரம், பதின்மூன்று பாரத்துக்கு 208 பக்கம். மிஞ்சிய மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்டினால் செலவு கூடும் என்று சொல்விளக்கத்தை அப்படியே தூக்கிவிட்டார்கள். சரி, கடதாசி விலை எனக்கும் தெரியும். 2022இல் கடதாசி இல்லாமல் மேல்மாகாணப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. ஆனால் முன்னால் ஆறு பக்கத்துக்கு வாழ்த்துரைகள் இருந்தன, படங்களோடு. அதில் ஒரு வரிகூடக் குறையவில்லை. என்னைக் கேட்டிருந்தால் வாழ்த்துரைகளைத் தூக்கச் சொல்லியிருப்பேன். வாழ்த்தியவர்கள் கோபித்திருப்பார்கள், பரவாயில்லை.

கேட்டிருந்தால் என்கிறேன். ஒப்புநோக்க அனுப்பவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அனுப்பினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாட்ஸப்பில் பிடிஎப் வந்தது, கூடவே ஒரு குரல்பதிவு: "ரீச்சர், நாளைக்குப் பிளேட் அடிக்கப் போகுது, இண்டைக்கு இரவே பாத்துச் சொல்லுங்கோ." இருநூற்றெட்டுப் பக்கத்தை, கண்ணில் வெண்படலம் எடுத்த ஒருத்தி, கைபேசியில், விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து! நாற்பதாம் பக்கம் தாண்டுவதற்குள் கைபேசி சார்ஜ் இறங்கிவிட்டது. "எல்லாம் சரி தம்பி" என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

என் பக்கத்துப் பிழைகள் இன்னும் இருக்கின்றன, எழுதுகிற மற்றவர்களும் கேட்கட்டும். பிரதி முடியுமுன்னே மண்டபத்துக்கு நாள் குறித்தது நான். கனடாவில் இருந்து என் கூடப்பிறந்த தம்பி அச்சுச் செலவுக்குக் காசு அனுப்பி, லீவிலும் வந்து நின்றான், அவன் திரும்புமுன் விழா நடக்கவேண்டும் என்ற அவசரம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதியைக் கையில் கொடுக்கும்போது "ஒரு எழுத்தும் மாத்தவேண்டாம்" என்று சொன்னதும் நான்தான். படிப்பித்தவள் என்ற தடிப்பு. எங்கள் எழுத்தைத் தொட்டால் எங்களுக்குச் சுடும் என்பது உண்மை. அதைத் தாண்டி உள்ளே வரத்தானே பதிப்பாசிரியர் என்று ஒருவர் வேண்டும்?

அப்படி ஒருவரையும் நான் கண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு ஆசைப்படுகிறேன். புத்தகத்துக்கு முன்னம், ஒரு சிறு சஞ்சிகைக்கு விதைப்புப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினேன். இரண்டு கிழமையில் கட்டுரை தபாலில் திரும்பி வந்தது. ஓரமெல்லாம் பென்சிலால் பொடி எழுத்து. "ஏக்கருக்கு எத்தனை புசல் விதைநெல்? எந்த இனத்துக்கு?" "மானாவாரியா, குளத்துப் பாய்ச்சலா?" "இந்த வழக்கம் உங்கள் ஊரில் மட்டுமா, தண்ணிமுறிப்பிலும் உண்டா?" ஒரு சொல்லையும் அவர் தானாக மாற்றவில்லை. முதலில் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று கிழவர்களிடம் போனேன். மூன்று பேரும் மூன்று கணக்குச் சொன்னார்கள், ஒருவரோடொருவர் சண்டையும் பிடித்தார்கள். அந்தச் சண்டையை எழுதியபோது நாலு பக்கக் கட்டுரை ஒன்பது பக்கமாகி, முதல்தரம் உயிர் வந்தது. அந்த ஐயாவின் முகத்தை நான் கண்டதேயில்லை.

ஆக நான் கேட்பது இதுதான். எங்கள் இலக்கணத்தைத் திருத்துங்கள், நீட்டி முழக்கியதை வெட்டுங்கள், சொன்னதையே திருப்பிச் சொல்லியிருந்தால் கோடு போடுங்கள். தெரியாத சொல் வந்தால் மட்டும் கை வைக்காமல் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். அச்சுக்கு முன் பிழை பார்க்கிற மெய்ப்பைக் கடதாசியில் எடுத்து, நல்ல ஓரம் விட்டு, முல்லைத்தீவு பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். சந்தியில் நின்று நாங்கள் வாங்கிக்கொள்வோம். பத்து நாள் தாருங்கள். அதற்கான காசைக் கணக்கில் சேருங்கள், தருவோம். மண்டபத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பிரதியோடு வருகிறவர்களை, என்னைப் போன்றவர்களை, தயவு பாராமல் திருப்பி அனுப்புங்கள்.

வாசிக்க ஆளில்லை என்றால் அதையாவது நேரே சொல்லிவிடுங்கள். "நாங்கள் அச்சடித்து மட்டும் தருவோம்" என்றால் அதற்கேற்றபடி நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்து, பிழையில்லாத பதிப்புக்குப் பெயரெடுத்த வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று உங்களில் சிலர் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மேடையில் சொன்னால் மெய்ப்பிலும் தெரியவேண்டும்.

இன்னொன்று படங்கள். இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். வெளியூர் ஆட்களுக்குப் பழைய படம் என்றால் அல்பத்தில் இன்னொன்று இருக்கும். எங்களுக்கு இல்லை. 2009 போர்க்கால இடப்பெயர்வில் நான் உரபாக்கில் சுற்றிக்கொண்டு போன நாலு கொப்பிகளில் மூன்றுதான் செட்டிகுளம் முகாம் வரை வந்து சேர்ந்தன. படம் ஒன்றும் வரவில்லை. என்னைப் பெற்ற ஐயா எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதிக்கிற, அதாவது நெற்கதிரை மிதிக்கவிட்டு நெல் பிரிக்கிற, படம் ஒன்று கண்டியிலிருந்த மச்சாளிடம் இருந்ததால் மிஞ்சியது. அதைப் பதிப்பகத்துக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது, எந்த அளவுக்கு வெட்டவேண்டும் என்று பின்பக்கம் குமிழ்முனைப் பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருந்தார்கள். படத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஐயாவின் நெஞ்சுக்குக் குறுக்கே அந்தக் கோடு தெரிகிறது. எங்கள் படங்களை எங்கள் கண்முன்னே ஸ்கான் பண்ணிவிட்டு அப்போதே தந்துவிடுங்கள்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. அச்சுச் செலவு முழுவதும் என்னுடையது. நூலின் இரண்டாம் பக்கத்தில் "பதிப்புரிமை: பதிப்பகத்துக்கு" என்றிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவருக்கு அவர் சீவிய காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் உரிமை உண்டு என்று பின்னர்தான் அறிந்தேன். காசு வாங்கமுன், எத்தனை பிரதி, உரிமை யாருக்கு, பக்கம் அமைத்த கணினிக் கோப்பு யாரிடம் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். திருத்திய பதிப்புக்காக என் கோப்பைக் கேட்டபோது, அதற்குத் தனிக்காசு கேட்டார்கள்.

வீட்டு அலுமாரியில் இன்னும் 260 பிரதிகள் கிடக்கின்றன. வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் 63ஆம் பக்கத்தைத் திறந்து அந்த "க்குள்"ளைப் பேனாவால் வெட்டிவிடுகிறேன். பதினொரு "போலி"யையும் திருத்தப் பொறுமை போதாது.

இரண்டாவது பிரதி இப்போது தயார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், கடல்நீரில் விளக்கெரிப்பது, எங்கள் கோவலன் கூத்து, கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் வைத்திருந்த கொப்பிகளுக்கு நடந்தது, எல்லாம் எழுதியிருக்கிறேன். அச்சுக்கு இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. வாசிக்க ஆள் வைத்திருக்கிற பதிப்பகம் இருந்தால் அவரை ஒருமுறை வீட்டுக்கு அனுப்புங்கள். பென்சில் கொண்டுவரட்டும், சாப்பாடு என் பொறுப்பு. மார்கழியில் மட்டும் வேண்டாம். குளம் வான் பாய்ந்தால் எங்கள் ஒழுங்கையால் சைக்கிளும் வராது. தைப்பொங்கல் கழிய வந்தால் புது அரிசிச் சோறும் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை,
முள்ளியவளை.