வீட்ட வித்துட்டு வாங்கன்னு சொன்னேல்ல பாப்பா

பாப்பா,

நேத்து போன்ல "அந்த அலபாமா செல்மால இன்னும் என்னம்மா இருக்கு, வீட்ட வித்துட்டு சியாட்டில் வந்துருங்க"ன்னு சொன்ன, அதோட மீட்டிங்குன்னு வச்சுட்ட. எனக்கு போன்ல சட்டுன்னு பதில் வராதுன்னு உனக்கே தெரியும், வச்சதுக்கு அப்புறம்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வரும். அப்பா தூங்கியாச்சு, அடுப்புல தட்டப்பயறு வேகுது, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா போனா திட்டாத.

நீ சொன்னதுல பாதி சரிதான். ஊர் காலியாகிட்டேதான் போகுது. 1960ல 28,000 பேர் இருந்த ஊரு, 2020 கணக்குல 18,000 கூட இல்ல. விமானப்படைத் தளத்த 1977ல மூடுனப்பவே ஊர் படுத்துருச்சுன்னு இங்க உள்ள பெருசுங்க இன்னமும் நேத்து நடந்த மாதிரி சொல்லும். பிராட் ஸ்ட்ரீட்ல பாலத்துப் பக்கம் நடந்தா பாதி கடைக்கு பலகைதான் அடிச்சிருக்கு. 2023 ஜனவரி 12 டொர்னேடோல போன வீடுங்கள்ல கொஞ்சம் அப்படியே கெடக்கு, நீலத் தார்ப்பாய் கிழிஞ்சு தொங்குது, உள்ள செடி முளைச்சாச்சு. அன்னைக்கு மத்தியானம் நான் மளிகைக் கடைக்குள்ள ஃப்ரீசர் பக்கத்துல குத்த வச்சு உக்காந்திருந்தது எனக்கு இன்னும் கனவுல வருது, உன்கிட்ட அப்ப சும்மா காத்துதான்னு சொல்லிட்டேன். ஊருக்குள்ள ஒரு உயிர் போகல, அது ஆண்டவன் புண்ணியம்.

இட்லி அரிசி வேணும்னா மான்ட்கமரிக்கு ஒரு மணி நேரம். கோயிலுக்குப் போகணும்னா பெல்ஹாம், போக வர மூணு மணி நேரம். அரிசி பருப்புக்குக்கூட வரி. இதெல்லாம் நானும் புலம்புறதுதான்.

ஆனா பாப்பா, நாங்க இங்க வந்தது மூணே வருஷத்துக்கு. டாக்டர் கிடைக்காத ஊர்ல மூணு வருஷம் வேலை பாத்தா அமெரிக்காலயே இருந்துக்கலாம்னு அப்பாவுக்கு விசால ஒரு ஏற்பாடு, 1998ல அதுக்காக வந்தோம். வந்த மொத வாரம் வீடு பாக்க மரியன் ஜங்ஷன் ரோட்டுக்கு கூட்டிட்டுப் போனாரு, முந்தின நாள் நல்ல மழை, கார விட்டு எறங்கி நாலு எட்டு வச்சேன், செருப்புல மண்ணு அப்பி கால தூக்க முடியல. குனிஞ்சு ஒரு குச்சியால சொரண்டிப் பாக்கேன், கரிசல்! நம்ம கோவில்பட்டி கரிசலேதான், அதே கறுப்பு, அதே பசை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பருத்தி. உன்ன இடுப்புல வச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னு அழுதேன், அப்பா பயந்துட்டாரு, வீடு பிடிக்கலையோன்னு.

இந்த மண்ணாலதான் இந்தப் பக்கத்துக்கே பிளாக் பெல்ட்டுன்னு பேரு. மண்ணு நல்ல மண்ணு, பருத்திக்குன்னே செஞ்ச மண்ணு, அதுக்காகத்தான் அத்தன ஆயிரம் கறுப்பு ஜனங்கள அடிமையா கொண்டாந்து எறக்குனாங்க. இன்னைக்கு அவங்க பேரன் பேத்திங்கதான் அப்பாவோட பேஷன்ட்ஸ். சுகர், பிரஷர், டயாலிசிஸ், பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. பக்கத்துல வில்காக்ஸ், பெர்ரி, லௌண்டஸ் கவுண்டில பிரசவ வார்டே இல்ல, வலி வந்த பிள்ளைய கார்ல போட்டு எத்தன மைல் ஓட்டிட்டு வராங்க தெரியுமா.

லௌண்டஸ் பத்தி சொல்லணும். நீ மான்ட்கமரிக்கு டான்ஸ் கிளாஸ் போறப்போ தாண்டிப் போற ஊருதான். கரிசல் தண்ணிய கீழ இறங்க விடாதுல்ல, அதனால சாதாரண செப்டிக் டேங்க் அங்க வேலைக்கு ஆகாது, மழை பெஞ்சா வீட்டுக்குள்ளயே எதுக்களிச்சு வரும். நல்லதா போட ஆயிரக்கணக்குல டாலர் வேணும், அந்தக் காசு இல்லாதவங்க ஒரு பைப்ப வச்சு கொல்லைல விட்டுருவாங்க, பிள்ளைங்க அங்கதான் விளையாடும். 2017ல டெஸ்ட் பண்ணிப் பாத்து கொக்கிப்புழு இருக்குன்னு சொன்னாங்க. அப்பா அன்னைக்கு வந்து சாப்பிடாம உக்காந்திருந்தாரு, "மதுரை மெடிக்கல் காலேஜ்ல பரிச்சைக்குப் படிச்சது, அமெரிக்கால வந்து திரும்பப் படிக்கேன் பாரு"ன்னாரு. 2023ல மத்திய அரசு தலையிட்டு சரி பண்ணித் தர்றதா ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, 2025ல அடுத்து வந்தவங்க அத ரத்து பண்ணிட்டாங்க. பைப்பு அப்படியேதான் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனப்பு. உன்ன அந்த பிரைவேட் ஸ்கூல்ல சேத்தோம்ல. கூட வேலை பாத்த டாக்டருங்க எல்லாம் அங்கதான் சேத்தாங்க, நாங்களும் சேத்தோம், படிப்பு நல்லாருக்கும்னு மட்டும்தான் யோசிச்சோம். நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்போ வந்து கேட்ட, "அம்மா நான் கறுப்பா வெள்ளையா, ஒரு பையன் கேட்டான்"னு. நான் "நீ மாநிறம்"னு சிரிச்சுட்டு தோசை ஊத்தப் போயிட்டேன். அப்புறம்தான் உன் கிளாஸ் போட்டோவ எடுத்துப் பாத்தேன், ஒரு கறுப்பு பிள்ளை இல்ல. எங்க ஊர்ல டீக்கடைல ரெண்டு கிளாஸ் தனித்தனியா தொங்குறத பாத்து வளந்தவ நான், எனக்கு இது அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லவே வெக்கமா இருக்கு. ஆனாலும் உன்ன மாத்தல. அது தப்பா சரியான்னு நீதான் சொல்லணும், எனக்கு இன்னும் தெரியல.

பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட ஒரு நாள் இத சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல, என் கையத் தட்டிக் குடுத்தாங்க. 1965 மார்ச் 7, ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பு ஜனங்கள நம்ம ஊர்ப் பாலத்துல போலீஸ் அடிச்ச அன்னைக்கு அவங்களுக்கு பதினோரு வயசாம், அவங்கம்மா விடலையாம், ஆனா கண்ணீர்ப்புகைல கண்ணு தெரியாம திரும்பி ஓடி வந்தவங்களுக்கு வாசல்ல நின்னு சொம்பு சொம்பா தண்ணி ஊத்தினேன்னு சொல்லுவாங்க. மார்ச் மாசம் அந்த நாள் நெனப்பா நடத்துற ஜூப்ளிக்கு நாடே வந்து பாலத்துல நடக்கும், பெரிய பெரிய ஆளுங்க பேசுவாங்க, திங்கக்கிழம பாத்தா குப்பை மட்டும் கெடக்கும். பாட்டி அதப் பாத்துட்டு "வந்தவங்க ஒரு சாண்ட்விச் இங்க வாங்கிச் சாப்பிட்டிருந்தா நல்லாருந்திருக்கும்"பாங்க.

அவங்களுக்கும் எனக்கும் வெண்டைக்காய் சண்டை உனக்குத் தெரியும். அவங்க மக்காச்சோள மாவுல பொரட்டி பொரிப்பாங்க, நான் புளிக்குழம்பு வைப்பேன், ரெண்டு பேரும் அடுத்தவ கெடுத்துட்டான்னு சொல்லிக்கிட்டே கிண்ணத்த காலி பண்ணுவோம். ரோட்டோரம் அவிச்ச கடலை விக்கிற ஊரு வேற எங்க கிடைக்கும் சொல்லு. உங்க சியாட்டில்ல பக்கத்து ஃபிளாட் ஆளு பேரு உனக்குத் தெரியுமா? குத்தமா சொல்லல, கேக்கேன். இங்க ஒரு தொல்லை என்னன்னா எல்லாருக்கும் எல்லாம் தெரியும், நீ எந்த சர்ச்சுக்குப் போறேன்னு இருபத்தேழு வருஷமா என்கிட்ட கேட்டுக்கிட்டிருக்காங்க, கேட்டுட்டு அவங்களே "உனக்காக ஜெபம் பண்றோம்"பாங்க, சரி பண்ணுங்கன்னு விட்டுருவேன்.

அப்பாவுக்கு ஃபீஸ் குடுக்க முடியாதவங்க பீக்கன் கொட்டை ஒரு சாக்கு, கெளுத்தி மீனு, போன வாரம் ஒருத்தர் மான் கறி. ஃப்ரீசர்ல இடமில்ல. அவரு கிளினிக்க விட்டா அடுத்த டாக்டர் வருவாரான்னு தெரியாது, வந்தாலும் மூணு வருஷம்தான். ரெண்டு வருஷம் கழிச்சு பாக்கலாம்ங்கறாரு, இத அவரு பத்து வருஷமா சொல்றாரு, நானும் தலையாட்டுறேன். வீட்ட வித்தாலும் உங்க ஊர்ல கார் நிறுத்த எடம் வாங்குற காசு வராது, அது வேற கதை.

சரி, கிறிஸ்மஸ் லீவுக்கு வர்றப்போ நல்லெண்ணெய் ரெண்டு பாட்டில், கல்லுப்பு, கடையில இருந்தா சுண்டவத்தல். கறிவேப்பிலைச் செடிய பனிக்கு பயந்து கராஜுக்குள்ள வச்சாச்சு, உன் கார வெளியதான் நிறுத்தணும். ஜனவரி ஒண்ணு வரைக்கும் இரு, பாட்டி தட்டப்பயறும் காலர்ட் கீரையும் தருவாங்க, சாப்பிட்டாத்தான் வருஷம் பூரா கையில காசு நிக்குமாம், போன வருஷம் நீ சாப்பிடாமப் போனதுக்கு இன்னும் கேக்காங்க.

மழை ஆரம்பிச்சுருச்சு, மண்ணு ஊறி வீடு லேசா தூக்குது, முன்கதவு வழக்கம்போல ஒட்டிக்கிச்சு. அப்பா தோளால இடிச்சுத்தான் திறக்குறாரு. ராத்திரி வந்தா பெல் அடிச்சுக்கிட்டு நிக்காத, கொல்லைப்பக்கம் வா, லைட்டு போட்டு வைக்கேன்.

அம்மா