பசுமை என்று விற்றீர்கள்: ஓடாத எஸ்டிபி, அடைத்த கிணறு, பூட்டிய பூங்கா

அனுப்புநர்: 'சி' பிளாக் வீட்டு உரிமையாளர், மேடவாக்கம் அருகே, சென்னை.

பெறுநர்: எங்கள் குடியிருப்பைக் கட்டி விற்ற நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் (நகல்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு).

பொருள்: பசுமைக் கட்டுமானம், சமூகப் பங்களிப்பு குறித்து நீங்கள் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியேறி கோடையும் பார்த்துவிட்டேன், மழைக்காலமும் பார்த்துவிட்டேன். இதே சாலையில் சதுர அடிக்குக் குறைந்த விலையில் வேறு பில்டர்களிடம் வீடு கிடைத்தது. உங்களிடம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியதற்குக் காரணம் உங்கள் பிரோஷர். கழிவுநீர் முழுவதும் மறுபயன்பாடு, ஒரு சொட்டு மழைநீரும் வீணாகாது, பசுமைச் சான்று பெற்ற வளாகம், ஊரோடு இணைந்த வாழ்க்கை என்றெல்லாம் அதில் போட்டிருந்தீர்கள். பிரோஷரும் ஒப்பந்தமும் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

குறை மட்டுமே சொல்ல இதை எழுதவில்லை. ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்) சுவர் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மேற்கு பார்த்த அறையில்கூட மே மாதம் மதியம் உட்கார முடிகிறது. அதைக் கட்டத் தெரிந்த உங்களுக்கு மற்றதெல்லாம் ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

முதலில் எஸ்டிபி. கழிவுநீரைச் சுத்திகரித்து ஃபிளஷ் தொட்டிகளுக்கும் செடிகளுக்கும் விட வேண்டிய நிலையம் அது. அதன் தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயர் பெரும்பாலான நாட்களில் ஓடுவதில்லை. கேட்டால் கரண்ட் பில் அதிகம் என்கிறார் நீங்கள் நியமித்த பராமரிப்பு மேலாளர். காற்று போகாவிட்டால் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், தொட்டி கறுத்து நாறும் என்று அவருக்குத் தெரியாதா? இப்போது ஃபிளஷ் லைனில் போர் தண்ணீர் ஓடுகிறது, கழிவுநீரை ராத்திரியில் டேங்கர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று யாரும் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் அது. டேங்கர் வாடகை மட்டும் தவறாமல் எங்கள் மெயின்டனன்ஸ் கணக்கில் ஏறிவிடுகிறது.

அடுத்தது மழைநீர் சேகரிப்பு. மழைநீரை மண்ணுக்குள் இறக்குவதற்காக கிளப் ஹவுஸ் பின்னால் இருக்கும் உறிஞ்சு கிணற்றின் மூடியை எங்கள் பிளம்பர் கடப்பாரை போட்டு நெம்பித் திறந்தார். கூழாங்கல்லும் மணலும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் சிமென்ட் பால் கெட்டியாக இறுகிக் கிடந்தது. உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்று பாதி புதைந்திருந்தது. கடப்பாரையால் குத்தினார், 'ணங்' என்று சத்தம் வந்தது. கட்டுமானம் நடந்தபோது கலவை வண்டி கழுவிய தண்ணீரை உங்கள் ஆட்கள் இதற்குள்தான் விட்டிருக்க வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர் வேறு போக்கிடம் இல்லாமல் கார் நிறுத்தும் இடத்தில் தேங்கி, அங்கிருந்து சுற்றுச்சுவர் ஓட்டை வழியாகப் பக்கத்துத் தெருவுக்குப் போகிறது. மனையை மண் கொட்டி உயர்த்திவிட்டீர்கள், அந்தத் தெரு பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி மழையில் அங்கே உள்ளவர்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். எங்கள் மாடித் தண்ணீர் அது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டது. 2015 வெள்ளத்தையும் 2019 தண்ணீர்ப் பஞ்சத்தையும் பார்த்த சென்னையில் இதை நான் உங்களுக்கு எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பசுமைச் சான்று பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். வரவேற்பறையில் நீங்கள் மாட்டியிருக்கும் சான்றிதழை நெருங்கிப் படித்தால் அது முன்சான்று. வரைபடத்தைப் பார்த்துக் கொடுப்பது. கட்டி முடித்த பிறகு உள்ளபடி எப்படி இருக்கிறது என்று சரிபார்த்துக் கொடுக்கும் இறுதிச் சான்று எங்கே? விற்பனைப் பேச்சில் 'முன்' என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவே இல்லை.

இனி பூங்கா. என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

வளாகத்தின் கிழக்கு மூலையில் இருக்கும் பூங்கா ஓஎஸ்ஆர் நிலம், அதாவது பொதுமக்களுக்காக ஒதுக்கும் திறந்தவெளி. மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். நம் மனை மூன்று ஏக்கருக்கு மேல். ஆக, அந்த இடம் உங்களுடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை, ஊருக்குச் சொந்தம். ஆனால் தெருப் பக்கக் கேட்டில் பூட்டு தொங்குகிறது. 'குடியிருப்பு வாசிகளுக்கு மட்டும்' என்று உங்கள் லோகோவோடு பலகை வேறு. பந்து பொறுக்க உள்ளே குதிக்கும் பையன்களைச் செக்யூரிட்டி குச்சியோடு துரத்துகிறார். தெருமுனையில் இட்லிக் கடை போடும் அம்மா என்னிடமே கேட்டார்: "ஏன் சார், அது எங்களுக்கு விட்ட எடம்னு பஞ்சாயத்துல சொன்னாங்களே, நீங்க எல்லாம் சேர்ந்தா பூட்டிக்கிட்டீங்க?" நாங்கள் பூட்டவில்லை, நீங்கள் பூட்டியது. பழி மட்டும் எங்கள் தலையில்.

இதே பூங்காவின் படம் உங்கள் இணையதளத்தில் 'சமூகப் பணி' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அக்கம்பக்கத்து மக்களுக்கு அன்பளிப்பாக அமைத்துக் கொடுத்தீர்களாம். சட்டப்படி கொடுத்தாக வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அதையும் பூட்டிவிட்டு, அன்பளிப்பு என்று எழுதுவது கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின் கீழ் காட்ட வேண்டிய, லாபத்தில் 2 சதவீதச் சமூகச் செலவில் இதைச் சேர்த்திருக்கிறீர்களா என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். தொழிலின் வழக்கமான வேலையை அந்தக் கணக்கில் காட்ட முடியாது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். எஸ்டிபியை உங்கள் செலவில் சீர்செய்து, சுத்திகரித்த நீரின் ஆய்வக அறிக்கையை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இதுவரை எங்களிடம் வாங்கிய டேங்கர் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எல்லா உறிஞ்சு கிணறுகளையும் தோண்டிப் புதிதாக அமைத்து, தெருப் பக்கம் தண்ணீர் வழிவதை நிறுத்துங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருப்பீர்கள். அதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமர்ப்பிக்க வேண்டிய அறிக்கைகளின் நகல் எங்கள் சங்கத்துக்கு வேண்டும், தானப் பத்திரத்தின் நகலும் வேண்டும். பூங்காப் பூட்டையும் பலகையையும் எடுக்க அவகாசம் எதுவும் தேவையில்லை, ஒரு சாவி போதும்.

2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டும் குறைகளை 30 நாட்களுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து அந்த 30 நாட்கள் தொடங்குகின்றன. அதற்குள் வேலை ஆரம்பமாகாவிட்டால், விளம்பரத்தில் தவறான தகவல் கொடுத்ததற்கு 12-ஆம் பிரிவையும் சேர்த்து தமிழ்நாடு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) மனு போடுவேன். கிணற்றின் படங்களையும், டேங்கர் ரசீதுகளையும், பிரோஷரின் நகலையும் இணைத்திருக்கிறேன். போனில் சமாதானம் சொல்ல ஆளை அனுப்ப வேண்டாம். பதில் எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
'சி' பிளாக் வீட்டு உரிமையாளர்