ஜூலைப் படத்தைக் காட்டி நவம்பரில் அனுப்பிய ஒக்கவாங்கோ பயணம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த நவம்பரில் நானும் மனைவியும் என் அம்மாவும் உங்கள் நிறுவனம் மூலம் போட்ஸ்வானா போய் வந்தோம். ஒக்கவாங்கோ டெல்டாவில், சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு லாட்ஜில் தங்கும் 'நீர்ச் சஃபாரி' என்று சொல்லி விற்றீர்கள். ஊர் திரும்பியதும் தொலைபேசியில் குறையைச் சொன்னேன். "இயற்கையை நாங்க கன்ட்ரோல் பண்ண முடியாது சார்" என்று உங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் எழுத்தில் அனுப்புகிறேன்.

விலங்கு கண்ணில் படவில்லை என்பது என் புகார் அல்ல. யானைக்கூட்டம் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து போனது. வேலி இல்லாத இடம் என்பதால் இருட்டிய பிறகு பணியாளர் ஒருவர் விளக்கோடு கூட வந்துதான் எங்களை அறைக்கு அழைத்துப் போனார். வற்றிக்கொண்டிருந்த குட்டை ஒன்றில் நீர்யானைகள் நெருக்கியடித்துக் கிடக்க, கரையில் மராபூ நாரைகள் கெளுத்தி மீன்களைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. காட்டைப் பொறுத்தவரை எங்களுக்குக் குறையே இல்லை. லாட்ஜ் ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் விற்றது என்ன? கையேட்டின் அட்டையில் அல்லிப் பூக்களுக்கு நடுவே ஒரு மொகோரோ ஓடம், பின்னால் நின்று கழி ஊன்றும் ஆள், மரமேடைக்குக் கீழே வரை தண்ணீர். உள்ளே 'தினமும் காலையில் மொகோரோ, மாலையில் படகுச் சவாரி' என்ற வாக்கியம். நாங்கள் போய் இறங்கியபோது அதே மரமேடை இருந்தது. அதற்குக் கீழே வெடித்த சேறும் காய்ந்த புல்லும்தான். ஓடங்களை மரத்தடியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எங்கள் வழிகாட்டி சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இங்கே மொகோரோ ஓடுவது ஜூலை, ஆகஸ்ட் வாக்கில். நவம்பரில் ஜீப் மட்டும்தான்." தங்கியிருந்த நாள் முழுக்க ஒரு துளி நீர்ப்பயணம் கிடையாது.

இப்போது 'இயற்கை' என்ற பதிலுக்கு வருகிறேன். அந்த டெல்டாவை நிரப்புவது பெரும்பாலும் உள்ளூர் மழை அல்ல. அங்கோலா மேட்டுநிலத்தில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பெய்யும் மழை குபாங்கோ, குயிட்டோ ஆறுகள் வழியாக இறங்கி வருகிறது. போட்ஸ்வானா எல்லையில் மொஹெம்போவில் வெள்ளம் உச்சத்தைத் தொடுவது சுமார் ஏப்ரலில். நிலத்தின் சரிவு மிகக் குறைவு என்பதாலும் வழியெல்லாம் கோரை அடைத்துக்கொண்டிருப்பதாலும் அது தென்கோடியில் உள்ள மவுன் நகரத்தை எட்ட ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். அதாவது அங்கே மழையே இல்லாத வறண்ட குளிர்காலத்தில் வெள்ளம் வருகிறது. பிறகு ஆவியாகியும் மண்ணில் இறங்கியும் தண்ணீர் பின்வாங்குகிறது. நவம்பரில் அந்த ஓரச் சமவெளிகள் காய்ந்து கிடப்பதுதான் வழக்கம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று நாள் எண்ணி வளர்ந்த என் அம்மாவுக்கு, வழிகாட்டி ஒரு தடவை சொன்னதும் புரிந்துவிட்டது. இதையே தொழிலாகச் செய்யும் உங்களுக்குத் தெரியாதா?

ஆக, இயற்கை எங்களை ஏமாற்றவில்லை. அது தன் வழக்கப்படிதான் நடந்துகொண்டது. ஜூலையில் எடுத்த படத்தைக் காட்டி நவம்பரில் எங்களை அனுப்பியது நீங்கள்.

இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. வடக்கே பான்ஹேண்டில் பகுதியிலும் டெல்டாவின் நிரந்தர நீர்ப்பகுதிகளிலும் ஆண்டு முழுக்கத் தண்ணீர் உண்டு; அங்கே ஒரு லாட்ஜில் இடம் போட்டிருக்கலாம். அல்லது 'நவம்பரில் இது வெறும் ஜீப் சஃபாரி' என்று முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒன்று மாதத்தை மாற்றியிருப்போம், இல்லை தெரிந்தே போயிருப்போம்.

இதைவிட எரிச்சலூட்டியது உங்கள் ரசீது. அதில் 'உச்சப் பருவக் கூடுதல் கட்டணம்' என்று ஒரு வரி இருக்கிறது. லாட்ஜ் மேலாளரிடம் கேட்டேன். அவர்களுடைய உச்சப் பருவம் அக்டோபரோடு முடிகிறது, நவம்பருக்குக் குறைந்த கட்டணம்தான் என்று அச்சிட்ட விலைப்பட்டியலையே எடுத்துக் காட்டினார். வறண்ட மாதத்தில் அனுப்பிவிட்டு வெள்ள மாதத்து விலை வாங்கியிருக்கிறீர்கள்.

அப்புறம் பெட்டி விவகாரம். மவுனிலிருந்து லாட்ஜுக்குப் போகும் சிறு விமானத்தில் ஆளுக்கு 20 கிலோதான், அதுவும் சக்கரமோ கெட்டிச் சட்டமோ இல்லாத துணிப்பையில்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. உங்கள் பயணக் குறிப்பில் பன்னாட்டு விமானத்தின் 30 கிலோ மட்டுமே இருந்தது. மவுன் விமான நிலையத் தரையில் மூன்று பெட்டிகளைத் திறந்துபோட்டு, அம்மாவின் மருந்துகளைத் தேடி எடுத்து, அவசரத்துக்குப் பை வாங்கி, பெட்டிகளைக் காசு கொடுத்து விட்டுவிட்டுப் போனோம். நாங்கள் சைவம் என்று எழுதிக் கொடுத்த தகவலும் லாட்ஜுக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சமையற்காரர் மக்காச்சோளக் களியும் கீரையுமாக அருமையாகச் சமாளித்துவிட்டதால் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: நடக்காத மொகோரோ, படகுச் சவாரிகளுக்கான தொகை, உச்சப் பருவக் கூடுதல் கட்டணம் முழுவதும், மவுனில் பைக்கும் பெட்டிக் காப்புக்கும் நாங்கள் கொடுத்த பணம். ரசீதுகள், கையேட்டின் பக்கங்கள், நவம்பரில் அந்த மேடையிலிருந்து நான் எடுத்த படங்கள் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. மாதவாரியாக எங்கே தண்ணீர் இருக்கும், எங்கே இருக்காது என்பதையும் கையேட்டில் சேர்க்க வேண்டும். அதே அட்டைப்படத்தோடு இந்த ஆண்டு நவம்பருக்கும் முன்பதிவு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைப் பார்த்தேன்.

30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரம், சேவைக் குறைபாடு என்ற இரண்டையும் காட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசி வேண்டாம்.

இப்படிக்கு,
நவம்பர் குழுவில் பயணம் செய்த வாடிக்கையாளர்