ஒரு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள்

டே கேர் பிரிவின் பொறுப்பு மருத்துவர் அவர்களுக்கும் நிர்வாகத்துக்கும், வணக்கம்.

போன வியாழக்கிழமை என் ஃபைலில் ஒரு வரி எழுதினீர்கள்: வெள்ளணு கவுன்ட் போதாது, கீமோ ஒரு வாரம் தள்ளிவைப்பு. அந்த வரிக்குள் எனக்கு ஓர் இரவும் ஒரு பகலும் அடங்கியிருக்கின்றன.

வயது 29, மார்பகப் புற்றுநோய். சிவப்பு நிறக் கீமோ மருந்து 4 சுற்று முடிந்துவிட்டது. அடுத்த கீமோ மருந்தான பாக்லிடாக்செல் வாரத்துக்கு ஒன்றாக 12, அதில் 9 ஏறியாயிற்று. மிச்சம் மூன்றுதான். "இவ்வளவு தூரம் வந்துட்டே, இன்னும் மூணுதானே" என்கிறார்கள். விரல் நுனிகள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானை யாராவது போட்டுவிட வேண்டியிருக்கும் கட்டத்தில்தான் இந்த மூன்று வருகிறது என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். மருந்து ஒவ்வாமல் போகாதிருக்க, அது ஏறுவதற்கு 12 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு தடவை, 6 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு தடவை ஸ்டீராய்டு மாத்திரை போடச் சொல்கிறீர்கள். இரவு பத்துக்குப் போட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் தேவைப்படவில்லை, விழித்துத்தான் கிடந்தேன். ஸ்டீராய்டு தூங்கவிடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏழு மணிக்கு டோக்கன், எட்டரைக்கு ரத்தம். ஒரு மணிக்கு மேல் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "வெள்ளணுவில் நியூட்ரோஃபில் 800தான் இருக்கு. ஆயிரம் வேணும். அடுத்த வாரம் வாங்க."

மருந்தைத் தள்ளிவைத்தது தப்பே இல்லை. முந்தின நாளே தெரிந்திருக்கக்கூடியதை மறுநாள் மத்தியானம் சொன்னதுதான் தப்பு. பாக்லிடாக்செல் தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது முறை. வீணாய்ப் போட்ட ஸ்டீராய்டை யார் திருப்பி எடுத்துக்கொள்வது? ஸ்டீராய்டு போட்ட சில மணி நேரத்தில் கவுன்ட் கூடுதலாகக் காட்டும் என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிக் காட்டியும் 800 என்றால், நிஜத்தில் எவ்வளவு இருந்திருக்கும்? கிருமியை எதிர்க்கத் திராணியில்லாத அந்தக் கவுன்டோடுதான் இருமலும் தும்மலுமாக நிறைந்திருந்த அறையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "கூட்டத்துக்குப் போகாதீர்கள்" என்ற உங்கள் அறிவிப்பும் அதே சுவரில்தான் ஒட்டியிருக்கிறது.

உட்கார்ந்திருந்தேன் என்றேனா, முழுக்க உட்காரவும் இல்லை. "சின்னப் பொண்ணுதானே, கொஞ்சம் எழுந்துக்கோம்மா" என்று இரண்டு முறை எழுப்பிவிட்டார்கள். பெரியவர்களுக்கு இடம் விடுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் "பேஷண்ட் எங்கே? நீ துணைக்கு வந்தவளா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டால் என்ன செய்வது? தலையில் துணி கட்டியிருப்பதை அலங்காரம் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. வயது குறைவென்றால் எதையும் தாங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதே வயதுக்காகக் கருமுட்டையைச் சேமித்துவைப்பது பற்றி முதல் கீமோவுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாகத் தெரிந்துகொண்டு கேட்டபோது நான்காவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. "முதல்ல உயிர் முக்கியம்மா" என்றார்கள். இரண்டையும் கேட்கக் கூடாதா?

அப்புறம், சிகிச்சை முடிந்தவர்கள் அடிப்பதற்கென்று மாட்டிய அந்த மணி. 1996-இல் ஐர்வ் லெமாய்ன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி தன் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்ததும் மணியடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் அது. நீங்களும் ஒன்று வாங்கி, விழா வைத்து, மாட்டிவிட்டீர்கள். நன்றாகவே பளபளக்கிறது. சிகிச்சை முடிவதே இல்லை என்று தெரிந்தவர்களும் அதற்குக் கீழேதான் காத்திருக்கிறார்கள். அதை மாட்ட ஆள் கிடைத்தது, முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் செய்ய ஆள் இல்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்க வந்தது ஒன்றுதான். கீமோவுக்கு முந்தின நாளே ரத்தம் எடுத்து, இரவு மாத்திரைக்கு முன்னால் முடிவைச் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் அலைச்சல் என்று தயங்கினால், வீட்டுக்குப் பக்கத்து லேபில் எடுத்த முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள். மெஷினுக்கு அது சில நிமிட வேலை. உங்கள் செவிலியர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுவதைப் பார்க்கிறேன், அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஒரு நாள் முன்னால் தெரிந்தால் அவர்களுக்கும் அன்றைக்கு எத்தனை பேர் என்று தெரியும்.

வரும் புதன்கிழமை காலையிலேயே ரத்தம் கொடுக்க வந்துவிடுகிறேன். தயவுசெய்து அன்று சாயங்காலமே சொல்லிவிடுங்கள். போன் நம்பர் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கிறது. மரத்த விரலுக்குத் திரை சட்டென்று பிடிகொடுக்காது, எடுக்கக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பத்தாவது மருந்துக்குக் காத்திருப்பவள்