வோல்ட் எப்போது மின்னூட்டம் ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், 'கம்பளத்தில் நடப்பவர் உடலில் 10,000 வோல்ட் மின்னூட்டம் சேர்கிறது' என்று ஒரு வரி. வோல்ட் மின்னழுத்தத்துக்கு, கூலூம் மின்னூட்டத்துக்கு. தாங்கள் அறியாததா? தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று கேட்டால், தொட்டி மூன்றாவது மாடியில் இருக்கிறது என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

கணக்கு ஒன்றும் பெரிதல்ல. மனித உடலின் மின்தேக்குத்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் சேரும் என்ற அளவு, சுமார் 100 பிக்கோஃபாரட் (பிக்கோ என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அதை 10,000 வோல்ட்டால் பெருக்கினால் 1 மைக்ரோகூலூம், அதாவது ஒரு கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கதவுப் பிடியைத் தொட்டதும் சுரீரென்று இழுக்க இது போதும். உயிரை எடுக்கப் போதாது. கட்டுரையாளரோ 10,000 என்று பயமுறுத்திவிட்டு, ஏன் யாரும் சாகவில்லை என்ற கேள்வியை வாசகர் தலையில் கட்டிவிட்டார்.

நானும் ஓர் ஆசிரியர்தான், பள்ளிக்கூடத்து ஆசிரியர். 31 வருடம் இயற்பியல் நடத்தியவன். ஒருமுறை வினாத்தாளில் மைக்ரோவைக் குறிக்கும் 'மியூ' என்ற கிரேக்க எழுத்து அச்சில் 'எம்' ஆகிவிட்டது. மைக்ரோகூலூம், அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய மில்லிகூலூம் ஆயிற்று. தலா 1 மைக்ரோகூலூம் ஒரேவகை மின்னூட்டத்தோடு ஒரு மீட்டர் தள்ளி வைத்த இரண்டு குட்டிப் பந்துகள் 9 மில்லிநியூட்டன் விசையில் விலக வேண்டியவை, 9,000 நியூட்டனில் விலகின! பிள்ளைகள் விடையை நம்பாமல் அடித்து அடித்து எழுதியே நேரத்தைத் தொலைத்தார்கள். உங்கள் இதழிலும் அந்த 'மியூ' இன்றுவரை 'எம்'தான். இரண்டு கடிதம் போட்டேன், பதிலில்லை. ஆனால் ராசிபலனில் மகரமும் கும்பமும் இடம் மாறியதற்கு மட்டும் மறு வாரமே கட்டம் கட்டி வருத்தம் தெரிவித்தீர்கள்.

அப்புறம், 'கைபேசி பேட்டரியின் சக்தி 5,000 மில்லியாம்பியர்' என்று எழுதினீர்களே, கூட இருந்த 'மணி' எங்கே போயிற்று? மில்லியாம்பியர்-மணி என்றால்தான் அது மின்னூட்டம். 5,000 என்றால் 18,000 கூலூம். அது சக்தியும் இல்லை, வெறும் மின்னோட்டமும் இல்லை.

சரி, நான் கேட்பது ஒரே ஒரு வரித் திருத்தம்: '10,000 வோல்ட் மின்னழுத்தம், சுமார் 1 மைக்ரோகூலூம் மின்னூட்டம்.' ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்